பெருக்கல் குறி போட்டால் கொடி ஆகிவிடாது

ஸ்காட்லாந்துக் கொடியை வரையச் சொன்னால் பலரும் நீலத் தாளின் நடுவில் வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி போட்டு முடித்துவிடுகிறார்கள். பள்ளிக் கண்காட்சி அட்டைகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். குறி நடுவில் மிதக்கும், சுற்றிலும் நீலம் தெரியும். உண்மையில் சால்டயர் என்ற இந்தக் குறுக்குச் சிலுவை மூலையிலிருந்து மூலைக்கு ஓட வேண்டும். நான்கு கைகளும் கொடியின் ஓரத்தைத் தொட்டு அங்கேயே முடிய வேண்டும். பட்டையின் அகலம் கொடி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

கோணமும் 90 டிகிரி அல்ல. 3:5 அளவுக் கொடியில் மேலும் கீழும் சுமார் 118 டிகிரியாக விரியும், பக்கங்களில் 62 டிகிரியாக ஒடுங்கும். ஸ்கேலை மூலைக்கு மூலை வைத்துக் கோடு போட்டால் தானாகவே சரியாக வந்துவிடும். நீலத்தில் முன்பு வெளிர் நீலம் முதல் கடற்படை நீலம் வரை எல்லாமே புழங்கின. 2003ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் குழு ஒன்று பேன்டோன் என்ற அச்சு நிற அட்டவணையின் 300ஆம் எண் நீலத்தைப் பரிந்துரைத்தது. அதையே பயன்படுத்துங்கள்.

அடுத்தது பிரிட்டன் கொடி. மிக அதிகமாகத் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். மூலைக்கு மூலை ஓடும் சிவப்புப் பட்டை வெள்ளைப் பட்டையின் நட்டநடுவில் இருப்பதாக நினைத்து வரைகிறார்கள். கொடியைக் கிட்டத்தில் பாருங்கள், சிவப்பு ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். கொடியின் உயரத்தை 30 பங்காகப் பிரித்தால் குறுக்குப் பட்டைக்கு 6 பங்கு. அதில் அகல வெள்ளை 3, சிவப்பு 2, ஒல்லி வெள்ளை 1. வெள்ளை ஸ்காட்லாந்தின் புனிதர் ஆண்ட்ரூவின் சிலுவை, 1606லேயே கொடியில் இடம்பிடித்தது. அயர்லாந்துக்கான சிவப்புச் சிலுவை 1801ல்தான் சேர்ந்தது. மூத்ததற்கு மரியாதை தர வேண்டும் என்பதால், கம்பத்தை ஒட்டிய பாதியில் அகல வெள்ளை சிவப்புக்கு மேலே இருக்கும். மறுபாதியில் சிவப்பு மேலே போய்விடும். அதனால்தான் எதிரெதிர்ச் சிவப்புக் கைகள் ஒரே கோட்டில் வருவதில்லை.

கணினியில் வேலை செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். படத்தை 180 டிகிரி சுழற்றினால் கொடி மாறாது. ஆனால் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகப் புரட்டினால், இடப்பக்கம் கம்பம் இருக்கும் கொடி தலைகீழாகிவிடும். பக்க அமைப்புக்குப் பொருந்தட்டும் என்று ஒரே ஒரு முறை புரட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். தலைகீழ்க் கொடி வழக்கப்படி ஆபத்தில் இருப்பதற்கான அடையாளம்.

நிமிர்ந்த சிலுவையையும் குறுக்குச் சிலுவையையும் குழப்புவதும் உண்டு. 2022 செப்டம்பரில் இந்தியக் கடற்படைக் கொடியிலிருந்து நீக்கப்பட்டது இங்கிலாந்தின் புனிதர் ஜார்ஜின் சிலுவை, நிமிர்ந்தது. ஆண்ட்ரூ சிலுவை உள்ள கடற்படைக் கொடி ரஷ்யாவுடையது: வெள்ளையில் நீலம்.

எக்ஸ் வடிவத்தில் எதைக் கண்டாலும் ஆண்ட்ரூவின் கதையைச் சொல்லிவிடுவது இன்னொரு தவறு. ஆண்ட்ரூ என்பவர் இயேசுவின் சீடர் அந்திரேயா, தமிழகக் கத்தோலிக்கரின் பழைய வழக்கில் பெலவேந்திரர். அவர் கிரேக்கத்தின் பத்ராஸில் அந்த வடிவச் சிலுவையில் இறந்தார் என்பது மரபு. ஆனால் அயர்லாந்தின் புனிதரான பேட்ரிக், சிலுவையில் அறையப்பட்டவரே அல்ல. அவர் பெயரில் 1783ல் தொடங்கிய அரச கௌரவப் பட்ட அமைப்பின் சின்னம் வழியாகத்தான் அந்தச் சிவப்பு சால்டயர் பிரபலமானது. ஜமைக்காவின் 1962ஆம் ஆண்டுக் கொடியில் உள்ள தங்கக் குறுக்குச் சிலுவை எந்தப் புனிதரையும் குறிப்பதில்லை. தங்கம் வெயிலையும் இயற்கை வளத்தையும், பச்சை நிலத்தையும் நம்பிக்கையையும், கறுப்பு மக்களின் வலிமையையும் படைப்பாற்றலையும் சொல்கின்றன.

கப்பல்களில் இதே குறிக்கு வேறு பொருள். நீலத்தில் வெள்ளை எக்ஸ் என்றால் சர்வதேச சமிக்ஞைக் கொடிகளில் ஆங்கில எழுத்து 'எம்': என் கப்பல் நின்றுவிட்டது, நகரவில்லை. பார்வைக்கு ஸ்காட்லாந்துக் கொடி மாதிரியேதான் இருக்கும். வெள்ளையில் சிவப்பு எக்ஸ் என்றால் 'வி': எனக்கு உதவி வேண்டும். துறைமுகப் படம் ஒன்றில் இந்தக் கொடியைப் பார்த்து அயர்லாந்துக் கப்பல் என்று எழுதும் முன், அந்தக் கப்பல் யாரையாவது கூப்பிடுகிறதா என்று பாருங்கள்.