பினாங்கு வீட்டில் பாசி: எதைத் தேய்ப்பது, எதை விட்டுவைப்பது

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் பினாங்கில், வீட்டைச் சுற்றிப் பாசியே இல்லாமல் செய்துவிட முனைவது வீண் வேலை. காலடி படும் இடத்திலும் குடிநீர் நிற்கும் இடத்திலும் அதைத் தயங்காமல் நீக்க வேண்டும். சுவரில் தென்பட்டால், நீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேட வேண்டும். மற்ற இடங்களில் பெரும்பாலும் அதன் போக்கில் விட்டுவிடலாம்.

கண்ணில் படுவது எது என்று பிரித்தறிவதே முதல் வேலை. குளியலறைத் தரையிலும் வீட்டுப் பின்புறக் கால்வாயின் ஓரத்திலும் வழவழப்பான பச்சைப் படலமாகப் படர்வது பாசி. செங்கல் இடுக்குகளில் மெத்தை போலத் தடித்து வளர்வது மாஸ் எனப்படும் குறுஞ்செடி. அதற்கு நுண்ணிய இலைகள் உண்டு, ஆனால் உண்மையான வேர் கிடையாது. மெல்லிய இழைகளால் பற்றிக்கொண்டு, உடல் முழுவதாலும் நீரை உறிஞ்சும். வெயிலில் சருகாகிப் போனாலும் அடுத்த மழையில் மீண்டும் பச்சை பிடித்துவிடும் என்பதால், காய்ந்துவிட்டதை வைத்து அது செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. வெளிச்சுவர்களில் செம்மஞ்சள் நிறத்தில் படரும் கறையைத் துரு என்று எண்ணுவோர் பலர். பெரும்பாலும் அது திரெண்டிபோலியா என்ற பச்சைப் பாசி இனம், அதன் உயிரணுக்களில் உள்ள கரோட்டின் நிறமி பச்சையை மறைத்துவிடுகிறது.

தரையைச் சுத்தம் செய்ய மழையில்லாத நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள்; ஊற்றிய மருந்து வேலை செய்யுமுன் மழை அதை அடித்துச் சென்றால் பயனில்லை. தடித்திருக்கும் பாசியையும் மாஸையும் முதலில் சுரண்டி அள்ளிவிட்டு, ஒரு பங்கு குளோராக்ஸ் போன்ற வெளுப்புத் திரவத்துக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து தரையில் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, முரட்டுத் தூரிகையால் தேய்த்து, நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும். கையுறை அணிவதும், குளியலறையாக இருந்தால் கதவையும் சன்னலையும் திறந்து வைப்பதும் அவசியம். இந்தத் திரவத்தோடு வினிகரையோ கழிப்பறை கழுவும் அமிலத்தையோ எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களோடும் இதைச் சேர்க்கக் கூடாது, அப்போதும் நச்சு வாயு கிளம்பும். பளிங்கு, டெராசோ தரையில் வினிகரைத் தனியாகக்கூட ஊற்ற வேண்டாம், மெருகு அரிக்கப்பட்டுவிடும். கழுவிய நீர் பூச்செடிக்கோ மீன்குளத்துக்கோ ஓடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும், தேங்கும் நீர் வடிய வழி செய்யாமலும், வெயிலை மறைக்கும் கிளையை வெட்டாமலும் விட்டால் சில வாரங்களில் பாசி திரும்பிவிடும். வீட்டில் முதியவர்கள் இருந்தால் குளியலறையில் ஒரு கைப்பிடியும் பொருத்திவிடுவது நல்லது. வீட்டுக்கு வெளியிலும் இதே கவனம் வேண்டும்: தைப்பூசத்துக்கு முன்னதாகவே தண்ணீர்மலை முருகன் கோவிலின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை வெறுங்காலோடு ஏறிப் பழகுவோர், மழை பெய்த மறுநாள் நிழலான படியோரங்களைத் தவிர்த்து, பலரும் மிதித்துத் தேய்ந்த நடுப்பகுதியில் ஏறுவது மேல்.

சுவர் விஷயத்தில்தான் நம்மவர் அதிகம் தவறுகிறார்கள் என்பது என் கருத்து. சுவரில் ஒரே இடத்தில் மட்டும் பச்சை படிந்திருந்தால், அதற்கு நேர் மேலே உடைந்த குழாயோ அடைத்த கூரைத் தூம்போ இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் சாயம் அடிப்பது காசுக்குக் கேடு. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுத் தகுதி பெற்ற ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். அந்தச் செங்கற்சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் பூசப்பட்டவை. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் அந்தச் சாந்தின் வழியே வெளியேறி ஆவியாகிவிடும். அதன்மேல் சிமெண்டு பூசி, நீர் புகாத சாயமும் அடித்துவிட்டால், வெளியேற வழியற்ற ஈரம் இன்னும் உயரமாக ஏறிச் சாந்தைப் பெயர்க்கிறது, பாசியும் அங்கே போய்ப் படிகிறது. உயர் அழுத்த நீர்ப்பீச்சியும் பழஞ்சாந்தை அரித்துவிடும். மென்மையான தூரிகையும் நீரும் கொண்டு பாசியை அகற்றி, சுவர் காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடிப்பதே தகுந்த முறை. புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மை சில காலத்துக்குப் பாசியை அண்டவிடாது. மரபுப் பகுதிக்குள் வீடு இருப்பின், பூச்சு வேலைக்கு முன் மாநகர் மன்றத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூரையில் வளரும் மாஸ் ஈரத்தைப் பிடித்துவைப்பதோடு, உதிர்ந்து தூம்பையும் அடைக்கும். ஆனால் பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்திருந்தால் ஏறித் தேய்க்கவே கூடாது. நுரையீரலுக்குக் கேடான இழைகள் காற்றில் பறக்கும்.

தண்ணீர்த் தொட்டியில் பாசி வளர வெளிச்சம் வேண்டும், ஆகவே ஒளி புகாத தொட்டியும் இறுக்கமான மூடியும் பாதி வேலையை முடித்துவிடும். பாசி பிடித்த திறந்த தொட்டி கொசுப்புழுவுக்குத் தீனிக்களம். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவைப்பதால், நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரையும் தேய்க்க வேண்டும். அபேட் மருந்து புழுவைக் கொல்லுமே தவிர பாசியை ஒன்றும் செய்யாது.

பூந்தொட்டி மண்ணின்மேல் பச்சை படர்ந்திருந்தால் பதற வேண்டாம். நீர் அதிகமாக ஊற்றுகிறீர்கள், அல்லது மண் இறுகிவிட்டது என்பதே பொருள். மேல்மண்ணைக் கிளறிவிட்டு நீரைக் குறைத்தால் போதும். சரிவான நிலத்தில் வளரும் மாஸை நான் தொடவே விடமாட்டேன்: மழைத்துளி மண்ணை நேரே தாக்காமல் தடுத்து, நீரைப் பிடித்துவைத்துக் கொள்கிறது. ஆர்க்கிட் வளர்ப்போர் வாங்கும் ஸ்பாக்னம் மாஸ் தன் உலர் எடையைப் போல் இருபது மடங்கு வரை நீர் தாங்கக்கூடியது.

மீன்குளத்தில் சிறிதளவு பாசி மீனுக்கு உணவாகும். நீர் முழுவதும் பச்சைக் குழம்பாக மாறினால் ஆபத்து. பகலில் உயிர்வளி தரும் அதே பாசி இரவில் அதை உட்கொள்வதால், விடியற்காலையில் மீன்கள் வாய்திறந்து மேலே மிதக்கும். தீனியைக் குறைத்து, நீரில் ஒரு பங்கை மாற்றி, காற்றுக் குழாய் பொருத்துங்கள்.

சாப்பாட்டிலும் பாசிக்கு இடமுண்டு. நோன்புக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் செய்யும் கடல்பாசி சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் அகர்தான். நார்ச்சத்து மிக்கது, வாங்கத் தயங்க வேண்டியதில்லை. சிப்பி வகைகளில் மட்டும் எச்சரிக்கை தேவை: 1976இல் சபாவில் கண்டறியப்பட்ட செம்மலர்ச்சியின்போது (நுண்பாசி பெருகிக் கடல்நீர் செந்நிறமாவது) போல, கடலில் வாழும் சில நுண்பாசிகள் பெருகினால் அவற்றின் நஞ்சு சிப்பியில் சேரும், அது சமைத்தாலும் நீங்காது. அரசு எச்சரிக்கை விடுத்த காலத்தில் அப்பகுதிச் சிப்பியை வாங்காதீர்கள். மருந்தகங்களில் விற்கும் ஸ்பிருலினா என்ற நீலப்பச்சைப் பாசியில் புரதம் நிறைய உண்டு. எனினும் அதிலுள்ள பி12இன் பெரும்பகுதியை நம் உடல் பயன்படுத்த முடியாது என்பதால், சைவ உணவினர் அந்த விட்டமினுக்காக அதை நம்பாமல் மருத்துவரிடம் கேட்டுத் தனி மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும்.