பள்ளியில் தீபாவளி ரங்கோலி: மயிலை விடுங்கள், மழையைக் கவனியுங்கள்

பள்ளிகள் செய்யும் முதல் தவறு, ரங்கோலிக்கு மைதானத்தில் இடம் ஒதுக்குவது. தீபாவளி வருவது ஐப்பசியில். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற நேரம். காலை வெயிலை நம்பி இறங்கினால் பதினோரு மணிக்கு ஒரு தூறல் போதும், எல்லாம் சேறு. வராந்தாதான் சரி. தரை வழவழப்பான டைல்ஸ் என்றால் ஈரத்துணியால் துடைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே கோடு போட வேண்டும். இல்லாவிட்டால் மாவு நிற்காது.

அடுத்தது மயில். இணையத்தில் பார்த்த பத்தடி மயிலை வகுப்பே சேர்ந்து போடலாம் என்று ஆரம்பிப்பார்கள். கடைசியில் டீச்சரும் நன்றாக வரைகிற இரண்டு பிள்ளைகளும் போட, மற்றவர்கள் கலர் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்கு நான்கைந்து பேருக்கு ஒரு புள்ளிக்கோலம் எவ்வளவோ மேல். ஏழு புள்ளி, ஊடுபுள்ளி (ஒரு வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக அடுத்த வரிசைப் புள்ளிகள்), இருபுறமும் நான்கு வரை: மொத்தம் 37 புள்ளிதான். அதையும் ஓரத்து நான்கிலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் கோணிவிடும். நடுவரிசை ஏழை முதலில் வைத்து, அதன் இடைவெளிகளுக்கு நேராக மேலே ஆறு, கீழே ஆறு என்று போக வேண்டும். எண்ணிப் பார்த்த பிறகே கோடு. புதிதாகப் போடுகிறவர்களுக்குச் சாக்பீஸ் புள்ளி போதும், அழித்துப் போடலாம்.

வெறும் கலர்ப்பொடியைக் கையில் கொடுத்தால் யூனிஃபார்ம் காலி. கோலமாவிலோ சலித்த மணலிலோ கலந்து கொடுங்கள். பொடியுப்பில் கலக்கிறவர்களும் உண்டு; மழைக்கால ஈரத்தில் உப்பு நீர்த்து, நிறம் பக்கத்துக் கட்டத்துக்குக் கசியும். நடுவில் தொடங்கி வெளியே வந்தால் யாரும் கோலத்தை மிதிக்க வேண்டியிருக்காது. சிந்திய பொடியை வாயால் ஊத விடாதீர்கள், கண்ணில் விழும். வீசிங் உள்ள பிள்ளைக்குச் செண்டுமல்லி இதழ் கொடுக்கலாம். அதற்காக அந்தப் பிள்ளையை ஓரமாக உட்கார வைக்காதீர்கள்.

அகல் விளக்கை எல்லோரும் எழுந்து விலகிய பிறகு ஏற்றினால் போதும். குனிந்திருக்கும்போது துப்பட்டா எங்கே தொங்குகிறது என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம், சுத்தம் செய்வது. எடுத்தவுடன் வாளித் தண்ணீரைக் கொட்டினால் சாயம் சிமெண்டுத் தரையில் இறங்கிவிடும். முதலில் காய்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ளுங்கள். அதைக் கலர் போட்ட பிள்ளைகளே செய்யட்டும், ஆயாம்மா தலையில் கட்ட வேண்டாம்.