ஆட்டு இதயத்தில் தண்ணீர் விட்டு வால்வுகளைப் பார்ப்பது எப்படி?

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் சுருங்கும் பை எல்லாப் பக்கமும்தான் தள்ளும். ரத்தம் ஒரே பக்கமாகப் போவது வால்வுகளால். அந்த வால்வுகளை எந்தத் தசையும் இழுத்துத் திறப்பதில்லை. ரத்தத்தின் அழுத்தமே திறக்கிறது, அழுத்தமே மூடுகிறது. படத்தைப் பார்த்து இது மனதில் பதியாது. கறிக்கடையில் கிடைக்கும் ஆட்டு இதயத்துக்கும் நம்முடையதைப் போலவே நான்கு அறைகள் உண்டு என்பதால், அதிலேயே பார்த்துவிடலாம்.

தேவையானவை: முழு ஆட்டு இதயம் 1, ஊசி இல்லாத 50 மி.லி. சிரிஞ்ச், மீன் தொட்டிக்குப் போடும் காற்றுக் குழாய் ஒரு சாண், கத்தரிக்கோல், கூரான கத்தி, ஈர்க்குச்சி, ஸ்கேல், தட்டு, கையுறை.

1. வாங்குவது. "குழாயோட, கீறாம முழுசா குடுங்க" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வழக்கமாகக் கடையில் மேற்பகுதியை ஒட்ட வெட்டி, நடுவில் ஒரு கீறலும் போட்டுவிடுவார்கள். அப்படி வந்தால் தண்ணீர் நிற்காது. இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான பெருந்தமனி 3 செ.மீ. அளவாவது இருக்க வேண்டும். உள்ளே உறைந்த ரத்தக்கட்டிகளைக் குழாய்த் தண்ணீரில் கழுவி எடுங்கள். வெந்நீர் வேண்டாம், தசை வெந்து இறுகிவிடும்.

2. இடம் வலம் அறிவது. விரலால் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருப்பது இடது வெண்ட்ரிக்கிள் (கீழறை), தொளதொளவென்று இருப்பது வலது. கூர்முனை இடது வெண்ட்ரிக்கிளைச் சேர்ந்தது. மேலே தெரியும் குழாய்களில் சுவர் தடித்து, வெட்டிய வாய் வட்டமாகவே நிற்பது பெருந்தமனி. அதற்கு முன்னால் இருப்பது நுரையீரல் தமனி. சுவர் அவ்வளவு தடிப்பில்லை.

3. முதல் சோதனை. கத்தியை இன்னும் எடுக்க வேண்டாம். பெருந்தமனியின் வாயை மேலே பிடித்துத் தண்ணீர் விடுங்கள். அடியில் மூன்று மெல்லிய பைகள் நிரம்பி, ஒன்றோடொன்று ஒட்டி, மூன்று கோடுகள் நடுவில் கூடுவதுபோல மூடிக்கொள்ளும். இவைதான் அரைச்சந்திர வால்வு. தண்ணீர் மட்டம் மெல்ல இறங்கினால் வால்வு பழுது என்று முடிவு கட்ட வேண்டாம்: இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகள் வால்வுக்குச் சற்று மேலேதான் கிளம்புகின்றன, தண்ணீர் அந்த வழியே போகிறது. ஈர்க்குச்சியால் அந்த இரண்டு துளைகளைத் தேடிப் பாருங்கள். மடமடவென்று இறங்கினால் மட்டுமே கட்டி சிக்கியிருக்கிறது, அல்லது இதழ் கிழிந்திருக்கிறது.

4. இரண்டாவது சோதனை. இடது ஆரிக்கிளின் (மேலறையின்) மேற்சுவரைக் கத்தரித்து எடுங்கள். உள்ளே வெள்ளையாக, பளபளவென்று ஈரிதழ் வால்வு தெரியும். சிரிஞ்சில் பொருத்திய குழாயைப் பெருந்தமனி வழியே வெண்ட்ரிக்கிளுக்குள் இறக்கி, தமனியைக் குழாயோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டு, தண்ணீரை வேகமாகச் செலுத்துங்கள். இதழ்கள் காற்று வாங்கிய பாய்மரம்போல உப்பி எழுந்து வாயை அடைக்கும். மெதுவாகச் செலுத்தினால் இதழ் எழாது, தண்ணீர் ஓரமாக வழிந்துவிடும். தசை விறைத்து உள்ளே இடமில்லை என்றால் வெண்ட்ரிக்கிளை லேசாகப் பிசைந்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

அடுத்து, கத்தரிக்கோல் முனையை ஆரிக்கிள் பக்கமிருந்தே உள்ளே விட்டு, ஓர் இதழைக் கீழே பிடித்திருக்கும் வெள்ளை நாண்களில் சிலவற்றை அறுத்துவிட்டுத் தண்ணீரைச் செலுத்துங்கள். அந்த இதழ் ஆரிக்கிள் பக்கம் புரண்டுவிடும், தண்ணீர் பின்னோக்கிப் பீச்சும். நாண் அறுந்த நோயாளிகளுக்கு வால்வு கசிவது இப்படித்தான். நாண்களும் அவற்றைப் பிடித்திருக்கும் தசை முண்டுகளும் வால்வைத் திறப்பதற்கு அல்ல, புரளாமல் காப்பதற்கு.

5. இனி வெட்டலாம். இடது வெண்ட்ரிக்கிளின் வெளிப்பக்கச் சுவரில், இரண்டு தசை முண்டுகளுக்கு நடுவே, மேலிருந்து முனை வரை கீறுங்கள். முன்பக்கம் கீறினால் முண்டு துண்டாகிவிடும். வலதுபக்கம் நுரையீரல் தமனியிலிருந்து கீழ்நோக்கிக் கத்தரியுங்கள். அங்கே நடுச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்கு ஒரு தசைப் பட்டை குறுக்கே ஓடும். நாண் என்று நினைத்து அறுத்துவிடாதீர்கள். துடிப்புக்கான மின்தூண்டல் வெளிச்சுவருக்குப் போகும் குறுக்குவழி அது.

இரண்டு சுவர்களையும் நடு உயரத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் இடது ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன் இருக்கும். இடதுபக்கம் அதிக ரத்தம் அனுப்புவதால் என்று பலர் எழுதுவது தவறு. இரண்டும் அனுப்பும் அளவு ஒன்றே, அழுத்தம்தான் வேறு. மனிதரில் இடது சுமார் 120 மி.மீ. பாதரச அழுத்தம் கொடுக்க வேண்டும், வலதுக்கு 25 போதும், நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் குழாய்கள் தடையும் குறைவாகவே கொடுக்கின்றன.

நடுச்சுவரையும் தடவிப் பாருங்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே ரத்தம் வலமிருந்து இடம் கசிகிறது என்று பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னதை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நம்பினார்கள். ரத்தம் சுற்றி வருகிறது என்று ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்டபோது, இந்த வால்வுகளின் ஒருவழிப் போக்கு அவருக்கு முக்கியச் சான்றுகளில் ஒன்று.

வேலை முடிந்ததும் கருவிகளை பிளீச்சிங் கரைசலிலும் கைகளை சோப்பிலும் கழுவுங்கள். வெளியில் வைத்து இத்தனை நேரம் கையாண்ட இறைச்சியைச் சமைக்க வேண்டாம்.