பாடக்குறிப்பின் ஓரத்தில் இரண்டு வரி

ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்கள், வகுப்பு முடிந்த கையோடு பாடக்குறிப்புத் தாளின் ஓரத்தில் இரண்டே வரி எழுதிவிடுங்கள். ஒரு மாணவர் சொன்ன வாக்கியம் அப்படியே. அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது. தனி நோட்டு வேண்டாம், அது பையிலேயேதான் தூங்கும்.

மாலையில் எழுத உட்கார்ந்தால் "வகுப்பு நன்றாகப் போனது" என்பதற்கு மேல் எதுவும் வராது. ஓரத்தில் "மூணை விட நாலு பெருசு, அப்போ 1/3ஐ விட 1/4தானே பெருசு? – தப்பு என்று சொல்லி அடுத்தவரைக் கேட்டேன்" என்று இருந்தால், சில வாரம் கழித்து "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேட்கத் தொடங்கியிருப்பது உங்களுக்கே தெரியும். கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்பதையும் குறிக்கலாம். பெரும்பாலான ஆசிரியர்கள் 1 வினாடிக்கு மேல் பொறுப்பதில்லை என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே கண்டார். 3 வினாடி விட்டால் பதில்கள் நீளும். இந்த ஓர வரிகள் கையில் இருந்தால், பயிற்சி முடிவில் அனுபவக் குறிப்பேடு எழுதும் வேலையும் பாதியாகிவிடும்.

தாளை மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டிய நாளில் இது சரிவராது, துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். வகுப்பில் கோபப்பட்ட நாளிலும் உடனே எழுத வேண்டாம். அப்போது வருவது குறிப்பு அல்ல, புலம்பல்.