பாராலீகல் கல்வித் திட்டத்துக்கு அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் ஒப்புதலைப் பெறுவது எப்படி?

வழக்கறிஞரின் மேற்பார்வையில் சட்டப் பணிகளில் உதவுபவரே பாராலீகல். அமெரிக்காவில் பாராலீகல் கல்வித் திட்டங்களுக்கு அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1975 முதல் ஒப்புதல் வழங்கி வருகிறது. கனடாவின் ஒன்டாரியோவில் பாராலீகலாக உரிமம் பெற விரும்புபவர் அங்குள்ள சட்டச் சங்கம் அங்கீகரித்த திட்டத்தில் படித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் அத்தகைய பொதுக் கட்டாயம் இல்லை, கல்லூரி தானாக முன்வந்தே விண்ணப்பிக்கிறது. ஆயினும் இந்த ஒப்புதலுக்கு நடைமுறையில் மதிப்பு உண்டு. எடுத்துக்காட்டாக, கலிபோர்னியச் சட்டம் பாராலீகலுக்கு உரிய தகுதிகளுள் ஒன்றாக, இச்சங்கம் ஒப்புதல் அளித்த திட்டத்தை முடித்த சான்றிதழை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது.

விண்ணப்பிக்க எண்ணும் துறைத் தலைவர் முதலில் அடிப்படைத் தகுதியைச் சரிபார்க்க வேண்டும். கல்லூரி முழுமைக்குமான நிறுவன அங்கீகாரம் ஏற்கெனவே இருக்க வேண்டும். அதற்கு மேல் துறைக்கெனப் பெறுவதே இந்த ஒப்புதல். திட்டம் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நடந்து, மாணவர்கள் படித்து முடித்து வெளியேறியும் இருக்க வேண்டும். புதிதாகத் தொடங்கும் துறைகள் இந்த இரண்டு ஆண்டுகளை வெறும் காத்திருப்பாகக் கருதிவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. பிற்பாடு கேட்கப்படும் ஆவணங்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் உருவாகின்றன. ஆலோசனைக் குழுவின் கூட்டக் குறிப்பும், படித்து முடித்தவர்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்பும் அந்தந்த நேரத்தில் எடுக்கப்படாமல் போனால், விண்ணப்பிக்கும்போது அவற்றை நேர்மையாக உண்டாக்க வழியே இல்லை.

அடுத்தது பாடத்திட்டம். பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் எழுகின்றன என்பதால் இதற்கு மிகுந்த கவனம் தேவை. மொத்தம் குறைந்தது 60 செமஸ்டர் கிரெடிட்டுகள் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகுகள்) இருக்க வேண்டும். அவற்றுள் 18 பொதுக் கல்விக்கும், 18 சட்டச் சிறப்புப் பாடங்களுக்கும் உரியவை. பொதுக் கல்வியை ஒரே துறையிலிருந்து நிரப்ப முடியாது; ஆங்கிலக் கட்டுரை எழுதுதல், சமூக அறிவியல், கணிதம், இயற்கை அறிவியல் எனப் பல துறைகளில் அது பரவியிருக்க வேண்டும். சட்டச் சிறப்புப் பாடம் என்பதற்கும் திட்டவட்டமான வரையறை உண்டு. பாடம் சட்டத்தையோ சட்ட நடைமுறையையோ கற்பிப்பது மட்டும் போதாது. பாராலீகல்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டு, அவர்களுடைய பணித்திறன்களுக்கு முதன்மை தருவதாகவும் இருக்க வேண்டும். எனவே வணிக மேலாண்மை மாணவர்களுக்காக நடத்தப்படும் வணிகச் சட்டப் பாடமோ, அரசியல் அறிவியல் துறையின் அரசமைப்புப் பாடமோ எவ்வளவு தரமானதாக இருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது. ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டால், ஒப்பந்தம் எப்போது செல்லும் என்று விளக்குவதோடு நின்றுவிடாமல், ஒப்பந்த வரைவைத் தயாரிக்கவும், வழக்குக் கோப்பை ஒழுங்குபடுத்தவும், தொடர்புடைய தீர்ப்புகளைத் தேடி வழக்கறிஞருக்குக் குறிப்பு எழுதவும் மாணவரைப் பழக்க வேண்டும். இந்தப் பயிற்சிகள் பாட விவரத்தில் எழுத்தாக இடம்பெற வேண்டும். திருத்தி மதிப்பெண் இட்ட மாணவர் பணிகளைப் பாடவாரியாகச் சேமித்து வைப்பதும் நல்லது.

பாராலீகல் நேரடியாகப் பொதுமக்களுக்குச் சட்ட ஆலோசனை கூறுவது, சட்டம் அனுமதிக்கும் இடங்கள் தவிர, உரிமமின்றி வழக்கறிஞர் தொழில் செய்ததாகிவிடும். இந்த எல்லையைத் தொழில் நெறிமுறைப் பாடத்தில் தெளிவாகக் கற்பிப்பதோடு, கல்லூரியின் கையேட்டிலும் விளம்பரத்திலும் குறிப்பிட வேண்டும். சேரும் முன்பே மாணவர் இதை அறிந்திருப்பது அவருக்குச் செய்யும் நியாயம்.

ஆலோசனைக் குழுவில் வழக்கறிஞர்களும் பணியிலுள்ள பாராலீகல்களும் பொதுமக்கள் சார்பாளரும் இடம்பெற வேண்டும். பெயர்ப் பட்டியல் மட்டும் இருந்து, குழு எதையும் விவாதித்ததாகக் கூட்டக் குறிப்பு இல்லையென்றால் அது எளிதில் வெளிப்பட்டுவிடும். படித்து முடித்தவர்களிடமும் அவர்களைப் பணிக்கு அமர்த்தியவர்களிடமும் கருத்துக் கேட்டு, அதன் விளைவாகப் பாடத்தில் செய்த மாற்றத்தையும் பதிவு செய்யுங்கள். சட்ட ஆய்வுக்கான நூலக வசதி, வேலை தேட உதவி, தகுதியான ஆசிரியர்கள், திட்டத்துக்குப் பொறுப்பான இயக்குநர் ஆகியவையும் பார்க்கப்படும்.

இவற்றையெல்லாம் திரட்டி எழுதுவதே சுய மதிப்பீட்டு அறிக்கை. குறைகளை மறைக்காமல், அவற்றைச் சரிசெய்ய எடுத்துவரும் நடவடிக்கைகளோடு எழுதுவதே சரியான வழி. ஏனெனில் அறிக்கையை ஆராய்ந்தபின் ஒரு குழு கல்லூரிக்கு நேரில் வந்து மாணவர்கள், ஆசிரியர்கள், நிர்வாகத்தினர், ஆலோசனைக் குழுவினர் ஆகியோரிடம் பேசும். அறிக்கை ஒன்று சொல்லி, மாணவர் வேறொன்று சொன்னால் கல்லூரியின் நம்பகத்தன்மையே கேள்விக்குள்ளாகும். பின்னர் பாராலீகல்களுக்கான நிலைக்குழுவின் பரிந்துரை சங்கத்தின் பிரதிநிதிகள் அவைக்குச் செல்கிறது. ஒப்புதல் அளிப்பது அந்த அவையே. அதற்கு முன் எந்த விளம்பரத்திலும் ஒப்புதல் பெற்றதாகவோ, உறுதியாகக் கிடைத்துவிடும் என்றோ எழுதக் கூடாது.

ஒப்புதல் ஏழு ஆண்டுகளுக்குச் செல்லும். இடையில் இடைக்கால அறிக்கை அளிக்க வேண்டும். இயக்குநர் மாறுதல், பாடத்திட்டத்தைத் திருத்துதல், வகுப்புகளை இணையவழிக்கு மாற்றுதல் போன்ற பெரிய மாற்றங்களைச் செய்யும்போது அப்போதைய வழிகாட்டு நெறிகளைப் படித்து, தேவையான அறிவிப்பை உரிய நேரத்தில் அனுப்பிவிட வேண்டும்.