புதிதாக வந்தவர்களுக்கு: கடையிலும் ஆன்லைனிலும் பொடி எழுத்தைப் படித்து வாங்குங்கள்

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் வீட்டில் ஒன்றும் இருக்காது, எல்லாமே உடனே வேண்டும். அந்த அவசரத்தில் கண் போவது பெரிய எழுத்தில் போட்டிருக்கும் விலைக்கு. அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் விடுவதால்தான் காசு வீணாகிறது. சார்ஜரின் முதுகு, விற்பவர் பெயர் இருக்கும் வரி, விலைச்சீட்டின் மூலை, பொட்டலத்தின் பின்பக்கம் ஆகிய நான்கு இடங்களையும் பார்க்கப் பழகிக்கொண்டால் பாதிச் சிக்கல் வராது.

முதலில் மின்சாதனம். ஊரிலிருந்து கொண்டுவந்ததானாலும் ஆன்லைனில் வாங்கியதானாலும், சொருகும் முன் ‘இன்புட்’ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் பின்னை மாற்றும் அடாப்டர் ஒன்றே போதும். போன், லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். 230 என்றோ 120 என்றோ ஒற்றை எண் மட்டும் இருந்தால், நீங்கள் இருக்கும் நாட்டின் மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. இது தெரியாமல்தான் பல சாதனங்கள் முதல் நாளே கருகுகின்றன.

சூடேற்றும் சாதனங்களில், மின்னழுத்தம் பாதியானால் சக்தி கால்வாசியாகிவிடும். 230 வோல்ட்டுக்கான 1000 வாட் கெட்டிலை 120 வோல்ட்டில் போட்டால் சுமார் 270 வாட்தான் கிடைக்கும். தண்ணீர் கொதிப்பதற்குள் பொறுமை போய்விடும். தலைகீழாக, 120 வோல்ட் இஸ்திரிப் பெட்டியை 230-ல் சொருகினால் மூன்றரை மடங்குக்கு மேல் சக்தி பாய்ந்து, தீப்பிடிக்கும் அளவுக்குப் போகலாம். மிக்ஸி மாதிரி மோட்டார் உள்ளவை குறைந்த மின்னழுத்தத்தில் சுமையை இழுக்க முடியாமல் திணறும். பிளேடு நின்ற பிறகும் சுவிட்சை அணைக்காமல் விட்டால் மோட்டாரின் கம்பிச் சுருள் சூடேறி எரியும். டிரான்ஸ்பார்மர் வைக்கலாம்தான். ஆனால் மோட்டார் கிளம்பும்போது கூடுதல் மின்சாரம் இழுக்கும் என்பதால் 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட் தாங்கும் டிரான்ஸ்பார்மராவது வேண்டும். அது கனமான இரும்புப் பெட்டி, விலையும் குறைவில்லை. அந்தப் பணத்தில் அந்தந்த நாட்டுக்கான மிக்ஸியை அங்கேயே வாங்கிக்கொள்வதுதான் நல்லது.

ஆன்லைனில் வாங்கும்போது மதிப்பீட்டு நட்சத்திரங்களுக்கு முன்னால் பார்க்க வேண்டியது, விற்பவர் யார், அனுப்புபவர் யார் என்ற இரண்டு வரிகள். ஒரே தளத்தில் தளத்தின் சொந்தச் சரக்கும் வெளி வியாபாரிகளின் சரக்கும் கலந்தே கிடக்கும். பொருள் வேறு நாட்டிலிருந்து வருவதானால் சுங்க வரி, திருப்பி அனுப்பும் தபால் செலவு, பொருந்தாத பிளக், உங்கள் நாட்டில் செல்லாத வாரண்டி என்று நான்கும் உங்கள் தலையில் விழலாம். போனில் இன்னும் கவனம் வேண்டும். ஒரே பெயரில் விற்கும் போனுக்கு நாட்டுக்கு நாடு மாடல் எண் மாறும். அதற்கேற்ப அது பிடிக்கும் அலைவரிசைகளும் மாறும். உங்கள் சிம் நிறுவனம் பயன்படுத்தும் அலைவரிசைகள் அந்த மாடலில் உண்டா என்று பாருங்கள். குறிப்பிட்ட நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டிய போனா என்பதையும் கேளுங்கள். பழைய போன் என்றால் *#06# அடித்து, திரையில் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) பெட்டியில் உள்ளதோடு சரிபாருங்கள். பழைய உரிமையாளரின் கணக்கு வெளியேற்றப்பட்டதை உங்கள் கண் முன்னாலேயே காட்டச் சொல்லுங்கள். கணக்கு நீங்காத போன் உங்களுக்குப் பயன்படாது.

பணத்தைத் தளத்துக்கு உள்ளேயே, கார்டில் கட்டுங்கள். நேரே வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் குறைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம். அப்படிப் போன பணத்தைத் திரும்ப வாங்குவது மிகக் கடினம். ஊர் கார்டைப் பயன்படுத்தும்போது இயந்திரம் எந்த நாணயத்தில் எடுக்கட்டும் என்று கேட்டால், நீங்கள் இருக்கும் நாட்டு நாணயத்தைத் தேர்ந்தெடுங்கள். சொந்த நாணயத்தைத் தொட்டால் கடைக்காரர் பக்கத்து மாற்று விகிதம் விழும். அது பெரும்பாலும் உங்கள் வங்கி தருவதைவிட மோசமாக இருக்கும்.

பார்சல் வந்ததும் பெட்டியைக் கிழித்து எறியாதீர்கள். திருப்பும் கெடு முடியும் வரை பெட்டி, கேபிள், பிளாஸ்டிக் உறை எல்லாம் இருக்கட்டும். விலையுயர்ந்த பொருளானால் முகவரிச் சீட்டு தெரியும்படி பிரிப்பதை வீடியோ எடுங்கள். காதில் வைக்கும் இயர்போன் போன்றவற்றின் சீல் உடைந்தால், பழுது இருந்தால் ஒழியப் பல கடைகள் திரும்ப வாங்காது. போனைத் திருப்பி அனுப்பும் முன் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் தபாலில் போடாமல் முதலில் விற்றவரிடம் சொல்லுங்கள்.

பார்சலுக்குக் காத்திருக்கும் நாட்களில் ‘சிறு கட்டணம் பாக்கி’ என்று ஒரு குறுஞ்செய்தி வரலாம். அது மோசடியாக இருக்கலாம் என்பதால் அதிலுள்ள லிங்கைத் தொடாமல், வாங்கிய தளத்தின் ஆப்பைத் திறந்து நிலவரம் பாருங்கள்.

சூப்பர்மார்க்கெட்டில் விலைச்சீட்டின் மூலையில் கிலோவுக்கோ 100 கிராமுக்கோ எவ்வளவு என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். பெரிய பை என்றால் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. 400 கிராம் பை 3 என்றும் ஒரு கிலோ பை 8 என்றும் இருந்தால், சின்னப் பையில் கிலோ 7.50-தான் விழுகிறது. ஒரு சீட்டில் 100 கிராம் கணக்கும் பக்கத்தில் கிலோ கணக்கும் இருந்தால் முதலாவதைப் பத்தால் பெருக்கி ஒப்பிடுங்கள். பவுண்டு எடைக் கணக்கில் விற்கும் நாட்டில் அந்த விலையை 2.2-ஆல் பெருக்கினால் கிலோ விலை. தள்ளுபடி போட்ட பொருளுக்குச் சில கடைகள் இந்தச் சின்ன வரியை மாற்றாமல் பழைய கணக்கையே விட்டிருக்கும். அப்போது போனில் நாமே வகுத்துப் பார்க்க வேண்டியதுதான். நீரோடு டப்பாவில் அடைத்ததற்குப் பல நாடுகளில் நீரோடு சேர்ந்த எடை, வடித்த எடை என இரண்டு இருக்கும். நீங்கள் சாப்பிடப்போவது இரண்டாவதை.

தேதி விஷயத்தில் குழப்பம் அதிகம். பல நாடுகளில் ‘யூஸ் பை’ என்றால் பாதுகாப்புக் கெடு, அதைத் தாண்டினால் வாசனை நன்றாக இருந்தாலும் சாப்பிடக் கூடாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது ருசிக்கும் தரத்துக்கும் உரியது. தாண்டினாலும் சரியாக வைத்திருந்த பொருள் பெரும்பாலும் கெட்டிருக்காது. 03/04 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ என்பது நாட்டைப் பொறுத்தது. 25/04 போல 12-க்கு மேற்பட்ட எண் உள்ள பொட்டலம் ஒன்றைப் பார்த்தால் எது மாதம் என்று புரிந்துவிடும்.

பொருட்பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். சைவக் குறி எல்லாப் பொட்டலத்திலும் இருக்காது என்பதால் சைவர்கள் பட்டியலையே படிக்க வேண்டும். ஜெலட்டின் மிருகத்தின் எலும்பு, தோலிலிருந்து வருவது. ஈ (E) என்று தொடங்குபவை சேர்க்கைப் பொருட்களின் குறியீட்டு எண்கள்; ஈ120 பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். சீஸில் ரென்னெட் (பாலைத் திரிக்கும் பொருள்) என்று மட்டும் இருந்தால் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். எண்ணெயையும் நீரையும் சேர்ந்திருக்க வைக்கும் ஈ471 தாவரத்திலிருந்தும் வரும், மிருகத்திலிருந்தும் வரும்; பொட்டலத்தில் வேறு குறிப்பு இல்லாவிட்டால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

உறைந்த பொருட்களைக் கடைசியில் எடுங்கள். குளிரில் இருக்க வேண்டிய எதுவும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. வீட்டு ஃபிரிட்ஜ் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழும் ஃப்ரீசர் மைனஸ் 18-லும் இருக்கட்டும்.

நாமே ஸ்கேன் செய்யும் கவுண்டரில் பை வைக்கும் தட்டு எடை பார்க்கும். சொந்தப் பையை முதலில் வைத்து, அதற்கான பட்டனைத் தட்டுங்கள்; இல்லையென்றால் இயந்திரம் நின்று ஆள் வரும்வரை காத்திருக்க நேரும். வெளியேறும் முன் பில்லில் தள்ளுபடி கழிந்ததா என்று பாருங்கள். பில் அச்சாவது சூட்டுக்கு நிறம் மாறும் தாளில். சில மாதங்களில் எழுத்து வெளுத்துவிடும். வாரண்டி உள்ள பொருள் வாங்கினால் பில்லையும் பொருளின் சீரியல் எண்ணையும் பக்கத்தில் வைத்து அன்றே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.