காபி கடையில டிப்ஸ்: எப்ப வைக்கணும், எவ்வளவு வைக்கணும், காபி போடுறவங்க கைக்கு எவ்வளவு வரும்

அமெரிக்கா வந்த புதுசுல தனியா ஒரு காபி கடைக்குப் போனேன், நாலே முக்கால் டாலருக்கு ஒரு லாட்டே, கார்ட தட்டுனதும் கவுண்டர்ல இருந்த பொண்ணு ஐபேட சட்டுனு என் பக்கம் திருப்பி வச்சுட்டு "ஒரு கேள்வி கேக்கும், பாத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டு வேற பக்கம் பாக்க ஆரம்பிச்சிருச்சு. பாத்தா 1 டாலர், 2 டாலர், 3 டாலர், கடைசியா சின்ன எழுத்துல டிப் வேண்டாம். பின்னாடி ஆறு பேர் நிக்கிறாங்க. எனக்கு கை நடுங்கி 3 டாலர அமுக்கிட்டேன், வீட்டுக்கு வந்து அத ரூபாயில பெருக்கிப் பாத்துட்டு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

அப்புறம் எச்-4 இஏடி, அதாவது வீட்டுக்காரர் விசாவ வச்சு எனக்குக் கெடைக்கிற வேலை அனுமதி அட்டை, கைக்கு வந்ததும் டெக்சாஸ்ல ஒன்றரை வருஷம், வீட்டுக்காரருக்கு வேலை மாறினதும் வாஷிங்டன் மாநிலத்து சியாட்டில் பக்கம் வந்து இங்க ஒரு வருஷம், நானே ஐபேடுக்கு அந்தப் பக்கம் நின்னு காபி போட்டேன். புதுசா வர்றவங்க என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குறது ரெண்டே கேள்விதான், எவ்வளவு டிப்ஸ் வைக்கணும், அந்த வேலைக்குப் போனா டிப்ஸ்ல எவ்வளவு வரும். ரெண்டுக்கும் பதில் ஒரே எடத்துல இருக்கு. கவுண்டர்ல இருக்குற டிப்ஸ் ஜார்ல போடுற காசு எங்க போகுது, யார் பிரிக்கிறாங்கன்னு தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரிஞ்சிடும்.

முதல்ல ஹோட்டலையும் காபி கடையையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க. உக்காந்து சாப்புடுற ஹோட்டல்ல 15லருந்து 20 பர்சென்ட் வைக்கிறது ஏறக்குறைய கட்டாயம் மாதிரி ஆனதுக்கு காரணம் இருக்கு, டிப்ஸ் வாங்குற ஆளுக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தா போதும்னு ஃபெடரல் சட்டம் சொல்லுது, 1991லருந்து அதே 2.13தான், டிப்ஸும் சேந்து 7.25 வரலன்னா மீதிய முதலாளி போட்டுத் தரணும். அந்த 7.25 கூட 2009ல வச்சது, இன்னும் அப்படியே நிக்குது. அதனால சர்வருக்கு நீங்க வைக்கிறதுதான் சம்பளமே. காபி கடைங்கள்ல பெரும்பாலும் முழு குறைஞ்சபட்ச சம்பளமோ அதுக்கு மேலயோ கொடுத்துட்டுதான் டிப்ஸ், அது மேல வர்ற காசு. வாஷிங்டன், கலிஃபோர்னியா, ஆரெகன், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா, இந்த ஏழு மாநிலத்துல டிப்ஸ காட்டி சம்பளத்த கொறைக்கவே முடியாது. வாஷிங்டன்ல 2025ல மணிக்கு 16.66, டெக்சாஸ்ல அதே 7.25தான் சட்டம். ஒரே 1 டாலர் டிப்ஸ் இந்த ரெண்டு ஊர்லயும் ஒரே 1 டாலர் இல்லங்க, நான் ரெண்டு ஊர்லயும் வாங்கியிருக்கேன், டெக்சாஸ்ல அது பெட்ரோல் காசு, இங்க அது கொஞ்சம் கைச்செலவு.

இன்னொன்னு, அமெரிக்காக்காரங்க எல்லாரும் வைக்கிறாங்க நாமதான் கஞ்சத்தனம் பண்றோம்னு நெனைக்காதீங்க. பியூ ரிசர்ச்ங்கற ஆய்வு நிறுவனம் 2023ல எடுத்த சர்வேல உக்காந்து சாப்புட்டா டிப்ஸ் வைக்கிறது வழக்கம்னு 92 பர்சென்ட் பேர் சொன்னாங்க, காபி வாங்குனா வைப்பேன்னு சொன்னவங்க 25 பர்சென்ட்தான். ஆக நாலு பேர்ல மூணு பேர் காபிக்கு வழக்கமா வைக்கிறதில்ல. கூச்சப்படாம டிப் வேண்டாம்ங்கறத அமுக்கலாம், உள்ள இருக்கறவங்க யாரும் அத நோட் பண்ணி வைக்கிறதில்ல, ரஷ் நேரத்துல எங்களுக்கு ஸ்க்ரீன் பாக்கவே நேரம் இருக்காது.

சரி, எவ்வளவு. நான் பண்றத சொல்றேன். ஏற்கனவே போட்டு வச்ச ட்ரிப் காபிய கப்புல புடிச்சு கொடுத்தாங்கன்னா மிச்ச சில்லறைய போட்டா போதும், போடலன்னாலும் ஒன்னும் இல்ல. லாட்டே, கப்புசினோ மாதிரி கையால போடுறதுக்கு ஒரு கப்புக்கு 1 டாலர். ஸ்க்ரீன்ல பர்சென்ட்டா காட்டுனா அத மறந்துட்டு கஸ்டம்ல போயி 1 டாலர் போடுங்க, 5 டாலர் காபிக்கு 1 டாலரே 20 பர்சென்ட் ஆச்சு. பர்சென்ட் கணக்கு எப்ப வேணும்னா ஆபீஸுக்கு பத்து பன்னெண்டு கப்பு ஆர்டர் பண்றீங்க பாருங்க, அப்பதான். அதுல ஒன்னுல ஓட் பால், ஒன்னுல சக்கரை இல்லாத வனிலா, ஒன்னுல நுரை வேண்டாம்னு வேற இருக்கும், காலைல எட்டு மணிக்கு அந்த ஆர்டர் ஸ்டிக்கர் நீளமா மெஷின்லருந்து இறங்கறதப் பாத்தா வயிறு கலங்கும். அதுக்கு 15 பர்சென்ட்டாவது வைங்க, வரிக்கு முன்னாடி இருக்குற தொகைக்கு கணக்கு போட்டா போதும்.

ரிவார்டு பாயின்ட்ல காபி ஃப்ரீயா வந்தாலும் போடுற வேலை அதேதான், அதுக்கு 1 டாலர் வச்சீங்கன்னா உங்க முகம் ஞாபகம் இருக்கும். அப்புறம் இந்த லேப்டாப்ப தூக்கிட்டு வந்து ஒரு காபிய வாங்கி வச்சுட்டு நாலு மணி நேரம் மீட்டிங் பேசுறவங்க, நம்ம ஆளுங்கதான் நெறைய பேர், அவங்க 2, 3 டாலர் வைக்கலாம், அந்த டேபிள்ல வேற ரெண்டு குரூப் வந்து போயிருக்கும். காபி கொட்டை பாக்கெட், ஃப்ரிட்ஜ்லருந்து நீங்களே எடுத்த தண்ணி பாட்டில், விக்கிறதுக்கு வச்சிருக்குற கப்பு, ஆளே இல்லாத கியாஸ்க், இதுக்கெல்லாம் ஐபேட் கேட்டாலும் வேண்டாம், கேக்குறது அந்த சாஃப்ட்வேரோட வழக்கம். டிப்ஸ் வைக்கிற எண்ணம் இல்லன்னா அத விளக்கிச் சொல்லிட்டு நிக்காதீங்க, "எங்க ஊர்ல இந்தப் பழக்கம் இல்ல"ன்னு ஒருத்தர் க்யூவ நிறுத்தி வச்சு எனக்கு க்ளாஸ் எடுத்தார். நானும் அந்த ஊர்தான் சார்னு தமிழ்லயே சொன்னேன், மனுஷன் வெக்கப்பட்டு 5 டாலர் நோட்ட போட்டுட்டுப் போனார், அது வேற கதை.

ஊர்ல கும்பகோணம் டிகிரி காபி கடைல டபராவ கையில வாங்கி குடிச்சுட்டு பத்து ரூபா கூடுதலா வச்சா மாஸ்டர் ஒரு மாதிரி பாப்பார், இல்லையா. எங்க அப்பாவுக்கு அதான் மனசுல இருந்துச்சு. இங்க வந்திருந்தப்ப கடைக்குக் கூட்டிட்டுப் போனேன், கவுண்டர்ல இருந்த கண்ணாடி ஜாரப் பாத்துட்டு வாயே தொறக்கல, வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட "இன்ஜினியரிங் படிக்க வச்சேன், உண்டியல் வச்சுகிட்டு நிக்கிறா"ன்னு சொல்லியிருக்கார். நான் எதுவும் எதுத்துப் பேசல, என் நோட்ட எடுத்துக் காட்டினேன், வாரா வாரம் டிப்ஸ் எப்படி பிரிஞ்சுதுன்னு எழுதி வச்சிருந்தத. அப்பா ரிட்டையர்டு பேங்க் ஆளு, கணக்குன்னா புடிக்கும், ரெண்டு எடத்துல நான் கூட்டுனது தப்புன்னு கண்டுபுடிச்சு சொன்னார்.

அந்தக் கணக்கு என்னன்னா, பெரும்பாலான காபி கடைல நீங்க என்கிட்ட நீட்டுற காசு எனக்குன்னு வராது, எல்லாம் ஒரே பூல்ல, அதாவது எல்லாருக்கும் பொதுவான ஒரே கணக்குல போகும். வாரத்துக்கு விழுந்த மொத்த டிப்ஸ, எல்லாரும் வேலை பாத்த மொத்த மணிநேரத்தால வகுத்து, அவங்கவங்க மணிநேரத்தால பெருக்கணும். உதாரணமா ஒரு வாரம் 612 டாலர் விழுந்துச்சு, எல்லாரும் சேந்து 180 மணி நேரம் வேலை பாத்தோம்னா மணிக்கு 3.40. நான் 18 மணி நேரம் நின்னிருந்தா எனக்கு 61 டாலர் 20 சென்ட். அவ்வளவுதான் விஷயம், உண்டியலும் இல்ல ஒன்னும் இல்ல. அதனால நீங்க வேலைக்கு நிக்கும்போது ஒருத்தர் உங்க கையிலயே நோட்ட திணிச்சாலும் நன்றி சொல்லிட்டு அவர் கண்ணு முன்னாடியே ஜார்ல போடுங்க, பாக்கெட்ல போட்டீங்கன்னா பூல் வச்சிருக்கற கடைல அது திருட்டு மாதிரி, கூட வேலை பாக்குறவங்க மறக்கவே மாட்டாங்க.

இப்ப வேலைக்குப் போறவங்களுக்கு. விளம்பரத்துல "மணிக்கு 20 டாலர் வரைக்கும், டிப்ஸ் சேத்து"ன்னு இருந்தா இன்டர்வியூல ரெண்டையும் தனித்தனியா பிரிச்சுக் கேளுங்க, சம்பளம் மட்டும் எவ்வளவு, போன மாசம் டிப்ஸ் மணிக்கு சராசரி எவ்வளவு வந்துச்சு, பூல் வாரக்கணக்கா நாள்கணக்கா இல்ல ஷிஃப்ட் கணக்கா, கார்டுல விழுறது எப்ப கைக்கு வரும். இதக் கேட்டா தப்பா நெனைப்பாங்களோன்னு நான் முதல் கடைல கேக்காம விட்டேன், அங்க ஷிஃப்ட் கணக்கு, எனக்கு கொடுத்தது ராத்திரி கடை மூடுற ஷிஃப்ட். காலைல ஏழுலருந்து பத்துக்குள்ளதான் ஜார் ரொம்பும், சாயங்காலத்துக்கு மேல தொடைக்கிறதும் மெஷின் கழுவுறதும்தான், நாலு மணி நேரத்துக்கு 3 டாலர் வாங்கிட்டு வீட்டுக்குப் போன நாள் உண்டு. வாரக்கணக்கு பூலா இருந்தா எந்த ஷிஃப்ட்டா இருந்தாலும் பரவால்ல, ஷிஃப்ட் கணக்கா இருந்தா வாரத்துல ரெண்டு காலை ஷிஃப்ட்டாவது கேட்டு வாங்குங்க.

ஜார்ல காசு கூட்டறதுக்கு ஒரு பழைய வித்தை இருக்கு, ஒரு ஜாருக்குப் பதிலா ரெண்டு ஜார், ஒன்னுல பேன்கேக் இன்னொன்னுல வாஃபிள்னு எழுதி வச்சா சனங்க ஓட்டு போடுற மாதிரி போடுவாங்க. நான் ஒரு நாள் காபியா சாயாவான்னு வச்சேன், சாய் ஜெயிச்சிருச்சு, அந்தப் பாக்கெட் சிரப்ப ஊத்தித் தர்ற சாய்க்கு. எனக்கு இன்னும் ஆறல. ஆனா நெசமா டிப்ஸ் வர்றது வாடிக்கையா வர்றவங்ககிட்டருந்துதான், அவங்க பேரும் என்ன குடிப்பாங்கங்கறதும் ஞாபகம் இருந்தா போதும், அவங்க உள்ள நுழையும்போதே கப்ப எடுத்து வச்சீங்கன்னா வாரத்துக்கு நாலு டாலர் அவங்ககிட்டருந்து மட்டும் வரும்.

மேனேஜர் பங்கு எடுத்தா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. 2018ல ஃபெடரல் சட்டத்த திருத்தி தெளிவா சொல்லிட்டாங்க, முதலாளியோ மேனேஜரோ சூப்பர்வைசரோ ஊழியர்களோட டிப்ஸ்லருந்து எடுக்கக் கூடாது, முழு சம்பளம் கொடுத்தாலும் கூடாது. கொழப்பம் வர்றது நடுவுல இருக்குற ஷிஃப்ட் லீட் விஷயத்துலதான், அவங்களும் நம்ம கூட காபி போடுறாங்க, சாவியும் வச்சிருக்காங்க. ஸ்டார்பக்ஸ் மேல இதுக்கே பெரிய கேஸ்லாம் நடந்துச்சு, மாசசூசெட்ஸ்ல ஷிஃப்ட் சூப்பர்வைசருக்குப் பங்கு கொடுத்தது தப்பு, சுமார் 14 மில்லியன் டாலர் கட்டுன்னு வந்த தீர்ப்ப 2012ல அப்பீல் கோர்ட்டும் சரின்னுச்சு, அடுத்த வருஷமே நியூயார்க்ல அவங்களுக்கு கொடுக்கலாம், அசிஸ்டென்ட் மேனேஜர சேக்காம விடலாம்னு தீர்ப்பு. மாநிலத்துக்கு மாநிலம் மாறும்னு வச்சுக்கோங்க. நான் இருந்த ஒரு கடைல, பேர் வேண்டாம், மேனேஜர் வாராவாரம் "உடைஞ்ச கப்புக்கு"ன்னு பூல்லருந்து 20 டாலர் எடுத்துட்டிருந்தார். நாங்க சண்டை போடல, என் நோட்டயும் இன்னும் ரெண்டு பேர் எழுதி வச்சதயும் எடுத்துட்டுப் போயி இது எந்தக் கணக்குல போகுதுன்னு மட்டும் கேட்டோம், அடுத்த வாரத்துலருந்து கப்பு உடையறது நின்னுடுச்சு. கேட்டும் நிக்கலன்னா லேபர் டிபார்ட்மென்ட்ல வேஜ் அண்ட் அவர் டிவிஷன்னு இருக்கு, அங்க புகார் கொடுக்கலாம், காசு கெடையாது. கார்டு கமிஷன மட்டும் ஃபெடரல் சட்டப்படி டிப்ஸ்லருந்து அந்த அளவுக்கு கழிக்கலாம், கலிஃபோர்னியால அதுவும் கூடாது.

வரி. கேஷா வந்த டிப்ஸ்க்கு வரி இல்லன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒரு மாசத்துல 20 டாலரோ அதுக்கு மேலயோ வந்தா அடுத்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள முதலாளிகிட்ட எழுதிக் கொடுக்கணும், அதுலயும் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர்னு 7.65 பர்சென்ட் போகும். இப்ப புதுசா "டிப்ஸ்க்கு வரி இல்ல"ன்னு வந்திருக்கே, அது 2025லருந்து 2028 வரைக்கும், வருஷத்துக்கு 25,000 டாலர் வரைக்கும் டிப்ஸ வருமானத்துல கழிச்சுக்கலாம், ஃபெடரல் வருமான வரிக்கு மட்டும்தான், அந்த 7.65 அப்படியே போகும். கல்யாணம் ஆனவங்க சேந்து ஃபைல் பண்ணாதான் கெடைக்கும், ரெண்டு பேர் வருமானமும் சேந்து 3 லட்சம் டாலர தாண்டுனா கொறைய ஆரம்பிச்சிரும், வீட்டுக்காரர் பெரிய ஐடி கம்பெனில இருக்கறவங்க இத கவனிங்க. எழுதிக் கொடுக்காத டிப்ஸ்க்கு இதெல்லாம் சிக்கல்தான், அதனால அன்னன்னிக்கு நோட்ல எழுதிடுங்க. மாணவர்களா வந்து எஃப்-1ல இருக்கறவங்க படிப்பு நடக்கும்போது கேம்பஸ் உள்ள இருக்குற கடைல வாரத்துக்கு 20 மணி நேரம்தான், வெளிக் கடைல கைக்காசுக்கு நிக்கிறது, டிப்ஸ் மட்டும் வாங்கிக்கறேன்னு நிக்கிறது கூட, விசாவுக்கே வேட்டு.

கடைசியா, வேலைய விடும்போது எல்லாரும் மறக்குற ஒன்னு, வாரக்கணக்கு பூல்னா நீங்க விட்டுப் போன வாரத்து டிப்ஸ் அதுக்கு அடுத்த வாரம்தான் பிரிப்பாங்க, யாருகிட்ட எப்படி வாங்கிக்கறதுன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. நான் டெக்சாஸ்ல அத மறந்துட்டு சியாட்டில் ஃப்ளைட் ஏறிட்டேன். கூட வேலை பாத்த பொண்ணு பத்து நாள் கழிச்சு 41 டாலர் 25 சென்ட் வென்மோங்கற பணம் அனுப்புற ஆப்ல அனுப்பிச்சா, கீழ எப்படி வகுத்தேன்னு கணக்கும் போட்டு.